சிமெண்டு இல்லாத சுவர்

ஞாயித்துக்கிழமை. இங்கிலாந்து, யார்க்‌ஷயர் டேல்ஸ், மால்ஹாம் கோவ்.

80 மீட்டர் உயரத்துக்கு சுண்ணாம்புப் பாறை, பிறை மாதிரி வளைஞ்சு நிக்குது. பனியுகம் முடியுறப்போ உருகி வந்த தண்ணி அருவியா விழுந்து செதுக்கினது. இப்போ அருவி இல்ல, அடியில ஓடை மட்டும். 2015 டிசம்பர்ல அடிச்ச பெருமழைக்கு மட்டும் திரும்ப விழுந்துச்சாம்.

பிள்ளைங்க 400 படியும் ஏறிட்டாங்க.
அம்மாவுக்கு மூட்டுவலி. நானும் கீழயே நின்னுட்டேன்.

அம்மா பாறையைப் பார்க்கவே இல்ல. புல்வெளி ஓரத்துச் சுவரைத் தடவிட்டே இருந்தாங்க.

"சிமெண்டே வைக்கலப்பா. கல்லு மேல கல்லு, அவ்வளவுதான்."

இடுக்குல ஒரு கொத்து ஆட்டு ரோமம் சிக்கியிருந்துச்சு. அதை எடுத்து விரல்ல உருட்டிக்கிட்டே சொன்னாங்க:

"நம்ம கிணத்துக்கு எங்கப்பாவும் இப்படித்தான் கட்டுனாரு. நான் சின்னக் கல்லா பொறுக்கிக் குடுப்பேன்."

தாத்தா கல்லு கட்டுவார்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்.

எனக்கு வயசு நாப்பத்திரண்டு.

புளிசாதம் ஆறிப்போச்சு. அம்மா பேசிக்கிட்டே இருந்தாங்க. நான் நடுவுல ஒரு வார்த்தைகூட பேசல.

வர்ற வெள்ளிக்கிழமை அவங்களுக்கு ஃபிளைட்.

இன்னும் என்னவெல்லாம் கேக்காம விட்டிருக்கேன்?