டிரம்ஸ் வாசித்தவர்

பிரெஞ்சில் டிரம்ஸ் செட்டுக்கு ‘பத்தெரி’ என்று பெயர். சமையலறைப் பாத்திரம் பண்டங்களுக்கும் அதே சொல்தான். புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த நான் கடைசியில் வந்து குடியேறியதோ பொத்தேரியில். டிரம்ஸ் கற்றுக்கொள்ளும் என் பேரனுக்கு இது பெரிய வேடிக்கை.

போன வாரம் அவன் ‘நிழல்கள்’ (1980) படத்துப் பாட்டு ஒன்றைப் போனில் போட்டான். இசையமைப்பாளர் ஆகக் கனவு காணும் சந்திரசேகர் பாடுவது. நடுவில் இளையராஜாவே வந்து போவார். டிரம்ஸுக்குப் பின்னால் இருந்தவரைக் காட்டி, “தாத்தா, இவர் யாரு?” என்றான்.

“புருஷோத்தமன்” என்று சட்டென்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்தப் பெயரை நான் தெரிந்துகொண்டதே 2020-ல், ஊரடங்கு சமயத்தில், அவர் காலமான செய்தியைப் படித்தபோதுதான். நாற்பது வருஷம் அவர் கைக்குத் தாளம் போட்டிருக்கிறேன். பெயரைக் கேட்கத் தோன்றவில்லை.

அதற்கு முந்தைய கதையும் இதேதான். 1964-ல் ‘காதலிக்க நேரமில்லை’, ‘சர்வர் சுந்தரம்’ பாட்டுகளில் டிரம்ஸும் பாங்கோவும் கேட்டு நாங்கள் பள்ளி மேசையில் தட்டித் தட்டி அடி வாங்கினோம். பீட்டில்ஸில் டிரம்ஸ் வாசிப்பவர் ரிங்கோ ஸ்டார் என்று எல்லோருக்கும் தெரியும். எம்.எஸ்.வி. குழுவில் நோயல் கிராண்ட் என்றொருவர் இருந்தது யாருக்கும் தெரியாது. இலங்கை வானொலியில் படம், இசை, பாடியவர் எல்லாம் சொல்வார்கள். தாளம் யார் என்று சொல்லி நான் கேட்டதில்லை. நான் வாங்கிய இசைத்தட்டு உறைகளிலும் பார்த்ததில்லை.

அன்றைய ஒலிப்பதிவில் பாடகர், வயலின்காரர்கள், தாளக்காரர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் வாசிக்க வேண்டும். தனியாகப் பதிந்து பிறகு ஒட்டும் வசதி கிடையாது. டிரம்ஸில் ஒரு அடி பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பாடகர் கொஞ்சம் முன்னே பின்னே போனால் சமாளித்துக்கொள்ளலாம், தாளக்காரர் போகக்கூடாது. சிவமணி தனக்கு ஆதர்சமாகச் சொல்வது இந்த நோயல் கிராண்டைத்தான். தெரிந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் அரசாங்க குமாஸ்தா. நான் எழுதிய டிராஃப்டில் அதிகாரி கையெழுத்துப் போடுவார். அதில் எனக்கு வருத்தம் இருந்ததுண்டு, மறைப்பானேன். ஆனாலும் ஃபைலின் ஓரத்தில் என் இனிஷியல் இருக்கும். இவர்களுக்கு அந்த ஓரம்கூடக் கிடைக்கவில்லை. அதை அனுபவித்த நானே கேட்காமல் இருந்துவிட்டேன் என்பதுதான் உறுத்துகிறது.

பேரன் போனதும் அலமாரியிலிருந்து பழைய ‘நிழல்கள்’ கேசட்டை எடுத்தேன். அட்டையில் ‘இசை: இளையராஜா’ என்பதற்குக் கீழே, ‘டிரம்ஸ்: புருஷோத்தமன்’ என்று பேனாவால் எழுதினேன். கை கொஞ்சம் நடுங்கி ‘ஷோ’ கோணலாகிவிட்டது. எம்.எஸ்.வி. தட்டுகள் புதுச்சேரியில் தம்பி வீட்டுப் பரணில் கிடக்கின்றன. பொங்கலுக்குப் போகும்போது பேனா எடுத்துப் போக வேண்டும்.