ஊருக்கு அடியில் ஓர் ஊர்

ஸ்பெயினின் லாகுவார்தியாவில் தெருக்கள் நடப்பவர்களுக்கு மட்டும். காரணம், கீழே இருக்கும் ஒயின் கிடங்குகள்

கோட்டை வாசலோடு கார்களின் பயணம் முடிந்துவிடுகிறது. லாகுவார்தியாவின் பழைய நகருக்குள் நடைதான். பழமை மீதுள்ள பற்று மட்டுமே இதற்குக் காரணமல்ல. தெருக்களுக்கு அடியில் வீட்டுக்கு வீடு தோண்டிய சுரங்க அறைகள் இருநூறுக்கும் மேல். வண்டிகளின் கனத்தை இந்த நிலம் தாங்காது.

வட ஸ்பெயினில், பாஸ்க் பகுதியின் ஆலவா மாகாணத்தில், குன்றின் உச்சியில் இருக்கிறது ஊர். 1164இல் நவார் மன்னர் ஆறாம் சாஞ்சோ இதற்கு நகர உரிமை வழங்கினார். கஸ்தீலை ஒட்டிய எல்லையைக் காக்க எழுந்த ஊர் என்பதால் பெயரிலேயே காவல் இருக்கிறது. பதுங்கவும் தப்பவும் பயன்பட்ட சுரங்கங்கள், போர்கள் ஓய்ந்ததும் ஒயின் கிடங்குகளாயின. ஆண்டு முழுவதும் மாறாத அந்தக் குளிர்ச்சி ஒயினுக்குத் தோதானது.

ஆபத்தும் உண்டு. திராட்சை நொதிக்கும்போது வெளிவரும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, ஆழத்தில் தேங்கிவிடும். அந்நாளில் மெழுகுவர்த்தியோடுதான் கீழே இறங்குவார்கள். சுடர் அணைந்தால் உடனே மேலே ஏறியாக வேண்டும்.

மேலே பார்க்க வேண்டியது சாந்தா மரியா தேவாலயத்தின் நுழைவாயில். 14ஆம் நூற்றாண்டில் செதுக்கிய கற்சிற்பங்களுக்குப் பின்னாளில் பூசிய வண்ணம், வெயில் மழை படாததால் இன்னும் மங்கவில்லை. நீதிக்கதைகள் எழுதிய சமானியெகோ 1745இல் பிறந்தது இந்த ஊரில்தான். அவரது குடும்ப மாளிகைக்குக் கீழே, சுமார் 7 மீட்டர் ஆழத்தில் உள்ள கிடங்கைப் பயணிகள் சுற்றிப் பார்க்கலாம்.

சாப்பாட்டிலும் திராட்சைத் தோட்டத்தின் வாசனை. கவாத்து செய்த கொடிக்குச்சிகளை எரித்து, அந்தத் தணலில் ஆட்டுக்குட்டியின் விலாத் துண்டுகளைச் சுடுகிறார்கள். உருளைக்கிழங்கோடு சோரிசோ சாசேஜ் சேர்த்த குழம்பு இன்னொரு பிரசித்தம். சைவர்கள் சுட்டுத் தோலுரித்த சிவப்பு மிளகாயையும் வெள்ளை அஸ்பாரகஸையும் கேட்டு வாங்கலாம்.

ஆனால் லாரி நுழைய முடியாத இடத்தில் பெரிய ஒயின் ஆலை நடத்த முடியாது. தொழில் மதிலுக்கு வெளியே போய்விட்டது. ஊருக்கு அருகில் கலத்ராவா வடிவமைத்த, அலைபோன்ற கூரை கொண்ட இசியோஸ் ஆலை 2001இல் திறக்கப்பட்டது. பக்கத்து எல்சியேகோவில் ஃபிராங்க் கெரியின் டைட்டேனியக் கூரை ஹோட்டல் 2006இல் வந்தது. மதிலுக்குள் இன்றும் ஒயின் தயாராகும் கிடங்குகள் மிகச் சிலவே. ஊரைக் காப்பாற்றும் அதே கட்டுப்பாடு, ஊரை வளர்த்த தொழிலை வெளியேற்றியிருக்கிறது.

பில்பாவோவில் விமானம் இறங்கி லோக்ரோன்யோ வந்தால், அங்கிருந்து சுமார் 17 கி.மீ. அறுவடையைப் பார்க்கச் செப்டம்பர், அக்டோபர் உகந்த மாதங்கள். கிடங்குகளுக்கு முன்பதிவு செய்துகொள்வது நல்லது. மதிலையும் கோபுரங்களையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புபவர், பாதி ஊரைத்தான் பார்த்திருப்பார்.