எழுமாறாக ஒரு பைல்

என்னுடைய லப்டொப்பில் 'வாசிக்க' என்று ஒரு போல்டர் இருக்கிறது. பேராதனைக்கு வந்த முதல் வருடத்திலிருந்து சேர்த்தது. நூலகம் தளத்திலிருந்து இறக்கியவை, சீனியர் அக்காமார் பென் டிரைவில் போட்டுத் தந்தவை, விரிவுரைக்குக் கொடுத்தவை என்று எல்லாம் அதற்குள்தான். போன மாதம் எண்ணிப் பார்த்தால் 1,840 பிடிஎப். வாசித்து முடித்தது நூறுகூட வராது.

ராத்திரியில் ஹொஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டு அந்தப் போல்டரைத் திறப்பேன். எதை வாசிப்பது என்று மேலும் கீழும் உருட்டுவேன். பத்து நிமிடம் போனதும் மூடிவிட்டு போனை எடுப்பேன். இது சரிவராது, தெரிவு செய்கிற வேலையை மெஷினிடம் கொடுப்போம் என்று முடிவு செய்தேன். தினமும் காலையில் அது ஒரு பைலைத் திறக்க வேண்டும். எது வந்தாலும் பத்துப் பக்கமாவது நான் வாசிக்க வேண்டும்.

நான் தமிழ் படிக்கிற ஆள். பைத்தான் கொஞ்சம்தான் தெரியும். முதலில் எழுதியது ஐந்து வரி: போல்டருக்குள் இருப்பதைப் பட்டியலிடு, அதில் எழுமாறாக ஒன்றை எடு, திற. ஓடவிட்டதும் 'புதிய போல்டர் 2' என்று ஒன்றைத் திறந்து காட்டியது. அது முதல் படியை மட்டும்தான் பார்த்திருக்கிறது. என் பைல்களோ போல்டருக்குள் போல்டர், அதற்குள் இன்னொரு போல்டர் என்று கிடக்கின்றன.

இதற்கு வழி, உள்ளே உள்ளே போய்த் தேடுவதுதான். ஒரு போல்டரைத் திற. பைல் இருந்தால் பட்டியலில் எழுது. போல்டர் இருந்தால் அதையும் திறந்து இதையே திரும்பச் செய். பைத்தானில் இதை நாமே எழுதத் தேவையில்லை. 'ஓஎஸ் டொட் வோக்' என்று ஒன்று இருக்கிறது, அடிமட்டம் வரை தானே நடந்து போய்வரும். லினக்ஸ் பாவிக்கிறவர்களுக்கு இன்னும் லேசு. 'ஃபைண்ட்' தேடித் தருவதை 'ஷஃப்' குலுக்கி ஒன்றை எடுத்துத் தரும், ஒரே வரியில் வேலை முடியும்.

இரண்டாவது பிரச்சினை, வந்ததே திரும்ப வருவது. 1,840 இருக்கிறதே, எப்படித் திரும்ப வரும் என்றுதான் நானும் நினைத்தேன். கணக்குப்படி ஐம்பது நாளுக்குள் ஏதாவது ஒன்று இரண்டாம் தடவை வர ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. 23 பேர் இருக்கிற வகுப்பில் இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் வருகிற அதே கதைதான். வாசித்ததை ஒரு டெக்ஸ்ட் பைலில் எழுதிவைத்து, அவற்றை விட்டுவிட்டுக் குலுக்கச் சொன்னேன். சரியாகிவிட்டது.

மூன்றாவதுதான் என்னை உட்கார வைத்தது. மூன்று வாரம் ஓடியும் 'மலையகம்' போல்டரிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை, தெளிவத்தை ஜோசப், ஞானசேகரனின் 'குருதிமலை' எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. ஸ்கிரிப்டில் பிழையா என்று தேடினேன். பிழை இல்லை. அந்தப் போல்டரில் இருப்பது 46 பைல். 1,840இல் 46 என்றால் நாற்பது நாளுக்கு ஒரு தடவைதான் அதன் முறை வரும். சஞ்சிகைப் போல்டரில் மட்டும் 1,100 இருக்கிறது, தினமும் அதுதான் வந்து நிற்கிறது.

சரி, முதலில் போல்டரை எடு, பிறகு அதற்குள் பைலை எடு என்று மாற்றினேன். எட்டுப் போல்டர், எட்டுக்கும் சம வாய்ப்பு. மலையகம் வந்தது. கூடவே 'அவசரம்' போல்டரும் வந்தது. அதில் இருப்பது இரண்டே பைல்: டைம்டேபிளும் ஹொஸ்டல் படிவமும். பதினாறு நாளுக்கு ஒரு தடவை நான் ஹொஸ்டல் படிவம் வாசிக்க வேண்டும்! ஆனால் ஒரு குறிப்பிட்ட சஞ்சிகை வர 8,800 நாளுக்கு ஒரு தடவைதான் வாய்ப்பு. கிட்டத்தட்ட 24 வருடம்.

இரண்டுமே எழுமாறுதான். ஒன்றில் பைலுக்குப் பைல் சமம், மற்றதில் போல்டருக்குப் போல்டர் சமம். கெம்பஸ் அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு சரியா பிழையா என்று கன்டீனில் அடிக்கடி சண்டை வருமே, அதுவும் இதே கேள்விதான். ஆளை எண்ணுவதா, ஊரை எண்ணுவதா? குலுக்குகிற மெஷினுக்கு ஓரவஞ்சகம் தெரியாது என்பது உண்மை. ஆனால் சீட்டில் என்ன எழுதுவது என்று அதற்கு முன்பே யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். இங்கே அந்த யாரோ நான்தான்.

பொறியியல் பீடத்து நண்பி ஒருத்தி சொன்னாள்: "வர்க்கமூலம் எடுத்துப் பாரேன்." 1,100க்கு 33, 46க்கு ஏறக்குறைய 7. இந்த எண்களையே போல்டர்களின் எடையாகக் கொடுத்தால், 24 மடங்கு இருந்த இடைவெளி ஐந்து மடங்குக்குக் குறைகிறது. பைத்தானில் எடை போட்டுக் குலுக்கவும் வசதி இருக்கிறது. 'அவசரம்' போல்டரை வெளியே தூக்கிப் போட்டேன்.

அதற்குப் பிறகு காலைகள் நன்றாகப் போயின. ஒருநாள் கே. கணேஷ் பற்றிய கட்டுரை வந்தது. முல்க் ராஜ் ஆனந்தின் நாவலைத் 'தீண்டாதான்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தவர், 1946இல் கே. ராமநாதனோடு சேர்ந்து 'பாரதி' இதழை நடத்தியவர். ஊர் தலாத்துஓயா. கண்டியிலிருந்து ஹேவாஹெட்ட பஸ்ஸில் எத்தனை தடவை அந்த ஊரைத் தாண்டியிருப்பேன்! இப்படி ஒருவர் அங்கே இருந்தார் என்று தெரியாமலே மூன்று வருடம் தமிழ் படித்திருக்கிறேன்.

போன ஞாயிறு தெல்தோட்டையிலிருந்து அப்பாயி கோல் எடுத்தார்.

"என் பாட்டக் கேட்டியா கண்ணு?"

"இன்னும் இல்ல அப்பாயி. நேரமே இல்ல."

பொங்கலுக்குப் போனபோது அவர் பாடியதைப் போனில் பதிந்திருந்தேன். கொழுந்து எடுக்கும்போது பாடுகிறது, தாலாட்டு, தாத்தா செத்தபோது அழுத ஒப்பாரி. போனை வைத்துவிட்டு மலையகம் போல்டரைத் திறந்தேன். கீழே '57' என்று காட்டியது. ஸ்கிரிப்டோ 46 என்கிறது. மிச்சம் பதினொன்று எங்கே?

அந்தப் பதினொன்றும் அப்பாயியின் குரல். ஸ்கிரிப்டில் முதல் நாளே 'பிடிஎப் மட்டும்' என்று எழுதியிருந்தேன். அச்சில் வந்தது மட்டும்தான் வாசிக்கிற சாமான் என்று எனக்குள் இருந்த எண்ணம் அப்படியே ஒரு வரியாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. வாய்ப்பை எப்படிப் பங்கிடுவது என்று வாரக்கணக்கில் மண்டையைப் போட்டு உடைத்தேன். அந்தப் பதினொன்றும் பட்டியலிலேயே இல்லை. எந்த எடை போட்டாலும் அவை வந்திருக்காது.

ஆடியோ பைல்களையும் சேர்க்கச் சொல்லி அந்த வரியைத் திருத்தினேன். இப்போது அப்பாயியும் குலுக்கலில் இருக்கிறார். ஆனால் அவர் முறை வரும் வரை நான் காத்திருக்கவில்லை. அன்றைக்கு ராத்திரியே இயர்போனை மாட்டிக்கொண்டு கையாலேயே திறந்து கேட்டேன். ஒப்பாரியின் நடுவில் நிறுத்தி, "போதுமா கண்ணு, இன்னும் வேணுமா?" என்று கேட்கிறார். நான் "போதும்" என்று சொல்லியிருக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை கலஹா சந்தியில் தெல்தோட்டை பஸ் ஏறுகிறேன். போனில் இடம் காலி செய்து வைத்திருக்கிறேன்.