வாசல்கள்

காலை வெயில் இன்னும் பள்ளத்தாக்குக்குள் இறங்கவில்லை. கீழே அனாப்போ ஆறு கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும் வருகிறது. எதிரே சுண்ணாம்புப் பாறை நெடுகச் சதுரம் சதுரமாக இருட்டு. மலைமேல் அடுக்கடுக்காக மாடக்குழி வெட்டிவிட்டு, விளக்கேற்ற மறந்துவிட்டதுபோல.

சிசிலித் தீவின் தென்கிழக்கில் பந்தாலிக்கா. 5,000 கல்லறைகளுக்கு மேல் என்கிறார்கள். எண்ணத் தொடங்கி நூற்றுச் சொச்சத்தில் விட்டுவிட்டேன். கி.மு. 13ஆம் நூற்றாண்டில் ஆரம்பித்த வேலை. கி.மு. 7ஆம் நூற்றாண்டு வரை குடைந்திருக்கிறார்கள். தீவின் கிழக்குப் பாதியை ஆண்ட சிகெலர்களின் பெயரோடு சேர்த்துத்தான் இந்த இடத்தைப் பேசுவது வழக்கம்.

ஓர் அப்பாவும் ஏழெட்டு வயசுப் பையனும் மேலேறி வருகிறார்கள். பையன் ஒரு குழிமுன் மண்டியிடுகிறான். வாசல் அவ்வளவு சின்னது. பெரியவர்கள் தவழ்ந்துதான் போக வேண்டும். ஓரம் சுற்றிலும் மூடுகல் பதிய ஒரு காடி. தச்சன் கதவுநிலைக்கு எடுப்பானே, அதே நேர்த்தி. பையன் விரலை அதில் வைத்து ஒரு சுற்று ஓட்டுகிறான். கல் போய்விட்டது, காடி இருக்கிறது.

கிரேக்கர்கள் கப்பலில் வந்தபோது ஹிப்லோன் என்ற சிகெல அரசர் இடம் கொடுத்தார். வந்தவர்கள் ஊருக்கு மெகாரா ஹிப்லையா என்று அவர் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். மரியாதைதான். ஆனால் சிகெலர்களின் பேச்சு மெல்ல மெல்லக் கிரேக்கமானது.

சிகெல மொழியில் மிஞ்சியது கொஞ்சம். இதே தீவின் சென்துரிப்பே ஊரில் கிடைத்த ஒரு மண்குடுவையில், கிரேக்க எழுத்தை வாங்கித் தங்கள் பேச்சை எழுதியிருக்கிறார்கள். அதில் ‘எஸ்தி’ என்றால் ‘இருக்கிறது’ என்கிறார்கள். மீதியில் பெரும்பகுதி இன்றும் வழக்காடலில்தான். இன்னொரு சொல்லைக் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் குறித்துவைத்தார்: ‘ஸான்க்லோன்’, அரிவாள். அரிவாள்போல் வளைந்த துறைமுகம் என்பதால் இன்றைய மெஸ்ஸினாவுக்கு முதல் பெயர் ஸான்க்லே. அரசாணையோ காவியமோ கிடைக்கவில்லை. அறுப்புக்காரன் கைச்சொல் தப்பிவிட்டது. எனக்கென்னவோ அது பொருத்தமாகவே படுகிறது.

பையன் குழிக்குள் தலையை நீட்டி ‘ஹோ’ என்கிறான். காது கொடுத்துக் கேட்கிறான். பிறகு எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு ஓடுகிறான். சட்டை முதுகில் பெரிய எழுத்தில் ‘சிசிலியா’.

அது சிகெலர்கள் பெயரிலிருந்து வந்ததுதான்.