கருவாடும் புலியும்

தூத்துக்குடிக்குப் போகிறவர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்? பனிமய மாதா கோயிலுக்குப் போவார்கள். துறைமுகத்தில் கப்பலை வேடிக்கை பார்ப்பார்கள். திரும்பும்போது மறக்காமல் மக்ரூன் வாங்கிக்கொள்வார்கள். நானோ கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு சங்குக் கிடங்கின் வாசலில் போய் நின்றேன். விதி யாரை விட்டது?

என்னை அங்கே அழைத்துப் போனவர் திரேஸ்புரம் கடற்கரையில் அறிமுகமான ஒரு பெரியவர். வாலிபத்தில் சங்கு குளித்தவர். கயிற்றில் கட்டிய கல்லின் மேல் காலை வைத்துக் கடலுக்குள் இறங்கி, மூச்சு முட்டுவதற்குள் சங்கோடு மேலே வந்த காலம் அது. இப்போது படகிலிருந்து ரப்பர்க் குழாய் வழியே காற்று வருகிறது. ஆனால் குழாய் மடங்கினாலும் ஆபத்து. அவசரப்பட்டு மேலே வந்தாலும் ஆபத்து.

"ஒரு சங்கு எடுக்க எவ்வளவு நேரம் ஆகும், ஐயா?" என்று கேட்டேன்.

"எடுக்கிறதுக்கு ஒரு மூச்சு போதும், தம்பி. அதைச் சுத்தம் பண்ணத்தான் நாள் ஆகும்" என்றார்.

நாம் பூஜையில் வைக்கும் சங்கு கடலிலிருந்து வெள்ளை வெளேரென்று வருவதில்லை, நேயர்களே! உள்ளே உயிருள்ள பிராணி. வெளியே பழுப்பு நிறத்தில் ஒரு தோல். சதையை எடுத்த பிறகும் சுருளுக்குள் மிச்சம் இருக்கும். அது அழுகி உதிர வாரக்கணக்கில் காத்திருந்து, மறுபடி மறுபடி கழுவ வேண்டும். வங்காளத்துச் சுமங்கலிகளின் கையில் வளையலாக ஏறுவது அதற்குப் பிறகுதான்.

முத்தின் கதையும் இதுவே. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். சிப்பிகளைக் குவித்து, பல நாள் அழுகவிட்டு, ஈயும் புழுவும் தம் வேலையை முடித்த பின்புதான் கழுவி முத்தைத் தேடுவார்கள். மகாராணியின் கழுத்தில் மின்னிய முத்துக்குப் புழுவின் தயவு வேண்டியிருந்தது!

கிடங்கை விட்டு வெளியே வந்தால் கருவாடு காய்கிறது. குடலை நீக்கி, உப்புத் தடவி, காயப்போடுகிறார்கள் பெண்கள். ஊரைச் சுற்றிலும் உப்பு, குன்று குன்றாக. செத்த உடல் கெடாமல் இருக்க முதலில் வேண்டியது உப்புத்தானே? அப்போது எனக்கு மைசூர்ப் புலிகளின் ஞாபகம் வந்தது.

மைசூரில் வான் இங்கென் என்ற குடும்பத்தார் வேட்டையாடிய மிருகங்களைப் பாடம் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நடத்தினார்கள். 1900 வாக்கில் தொடங்கிய அந்த இடத்துக்கு மகாராஜாக்களும் வெள்ளைக்காரத் துரைமாரும் தங்கள் வேட்டைப் பொருள்களை அனுப்புவார்கள். துப்பாக்கி வெடிக்க ஒரு நொடி. பிறகல்லவா வேலை!

சுட்ட அன்றே தோலை உரிக்க வேண்டும். வெயிலில் கிடந்தால் முடி கொட்டிவிடும். உதடு, காது, பாதம் எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி, உப்பும் படிகாரமும் தேய்த்து, நிழலில் உலர்த்த வேண்டும். இதுவரை வேட்டைக்காரர் பொறுப்பு. தொழிற்சாலையில் அந்தத் தோலை ஊறவைத்து, உட்புறத்தை மெல்லியதாகச் சீவி, பதனிடுவார்கள். அச்சில் காகிதக் கூழால் புலியின் உடலை வார்த்து, அதன் மேல் தோலைப் போர்த்தித் தைப்பார்கள். கண்ணாடிக் கண் வைப்பார்கள். நாக்கையும் ஈறையும் செய்து வர்ணம் பூசுவார்கள். தோல் காயும்போது சுருங்கும். அவசரப்பட்டால் புலியின் முகம் பூனை முகமாகிவிடும்! சொந்தக்காரர் மாதக்கணக்கில் காத்திருந்துதான் ஆகவேண்டும்.

அங்கே பாடம் செய்யப்பட்ட புலிகளும் சிறுத்தைகளுமாகச் சேர்ந்து மொத்தம் 43,000-க்கு மேல்.

பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் கடலைப் பார்த்தபடி சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அந்த நாளிலே சர்க்கார் கிடங்கிலே துளை போட்ட பலகை ஒண்ணு இருக்கும், தம்பி. சங்கை அதிலே விட்டுப் பார்ப்பாங்க. துளைக்குள்ளே நுழைஞ்சு விழுந்தா குஞ்சுச் சங்கு. அதை உயிரோட கடல்லே விட்டிரணும். மூச்சைப் பிடிச்சு எடுத்தவனுக்கு வயிறு எரியும். ஆனா, அடுத்த வருஷமும் சங்கு வேணுமில்லே? புலிக்கு அப்படி ஒரு பலகை கிடையாதா?"

"வந்தது, ஐயா. 1972-ல் சட்டமாக வந்தது. புலி வேட்டை கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு மைசூர்த் தொழிற்சாலையும் வேலை குறைந்து, 1999-ல் மூடப்பட்டது."

"அதுக்குள்ளே எத்தனை புலி மிச்சம் இருந்தது?"

"அந்த வருஷக் கணக்கின்படி நாடு முழுவதிலும் 1,827."

பெரியவர் 43,000-த்தையும் 1,827-ஐயும் மனத்துக்குள் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். தலையை மட்டும் ஆட்டினார்.

ஊர் திரும்பும்போது மக்ரூனோடு ஒரு சிறு சங்கும் வாங்க நினைத்தேன். கடைக்காரர் எடுத்து நீட்டியதைக் கையில் வாங்கி அளவு பார்த்தேன். அது அந்தப் பலகையின் துளைக்குள் நுழைந்துவிடும் போலத் தோன்றியது. திருப்பிக் கொடுத்துவிட்டு, மக்ரூனோடு ரயில் ஏறினேன்.