ஓய்வு ஒரே நாளில் வர வேண்டும்

தை 2, மாட்டுப் பொங்கல்

வேலைக்குப் போகாத நாளெல்லாம் விடுமுறைதான் என்று நினைக்கிறோம். அது பாதி உண்மை. நமக்கு ஓய்வு கிடைக்கும் நாளில் நமக்கு வேண்டியவர்களுக்கும் ஓய்வு கிடைத்தால்தான் அது விடுமுறை. இதற்குச் சரித்திரத்தில் கசப்பான சான்று ஒன்று உண்டு. 1929-இல் சோவியத் அரசு, ஆலைகள் ஒரு நாளும் நிற்கக் கூடாது என்று பொதுவான ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டது. தொழிலாளர்களை ஐந்து பிரிவாக்கி, பிரிவுக்கு ஒரு நிறம் கொடுத்து, நான்கு நாள் வேலை, ஐந்தாம் நாள் ஓய்வு என்று முறை வகுத்தது. கணக்குப்படி தொழிலாளிக்கு லாபம்தான்; ஓய்வு நாள்கள் கூடின. ஆனால் கணவனுக்கு ஒரு நிறம், மனைவிக்கு வேறு நிறம். பிள்ளை பள்ளியில், நண்பன் ஆலையில், இவன் மட்டும் வீட்டில். வெறும் வீட்டில் கிடைக்கும் ஓய்வு எதற்கு என்று பத்திரிகைக்கே புகார் போனது. 1931-இல் எல்லோருக்கும் பொதுவான ஓய்வு நாள் மீண்டது. 1940-இல் ஞாயிறும் திரும்பியது. இயந்திரங்களைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போனதும் 1931 மாற்றத்துக்குக் காரணம். ஆனாலும் மக்கள் மனக்குறையை அது மட்டும் விளக்காது.

அமெரிக்காவில் கிறிஸ்டோபால் யங், செயூன் லிம் என்ற இரு சமூகவியலாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதையே வேறு வழியில் காட்டுகிறது. வேலைக்குப் போகிறவர்களின் மனம் வார இறுதியில் தெளிவது போலவே வேலையில்லாதவர்களின் மனமும் தெளிகிறது. அவர்களுக்கு எல்லா நாளும் ஓய்வுதானே? சனி ஞாயிறில் மட்டும் என்ன கூடுகிறது? மற்றவர்கள் வீட்டில் இருக்கிறார்கள், அதுதான்.

தை 3, காணும் பொங்கல்

பெரியவர்களைப் போய்ப் பார்த்து ஆசி வாங்குவதும், கட்டுச்சோற்றோடு ஆற்றங்கரைக்கோ கடற்கரைக்கோ கூட்டமாகப் போவதும்தான் இன்றைக்கு முக்கியம். எல்லோருக்கும் ஒன்றாக ஓய்வு இருந்தால்தான் இது நடக்கும். ‘இந்த நெரிசலில் ஏன் ஊருக்குப் போக வேண்டும், வேறு வாரம் லீவு போட்டுப் போகலாமே, வீடியோ காலில் பேசலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. போகலாம். ஆனால் அந்த வாரம் அண்ணன் ஆபீசில் இருப்பார், பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். அழைப்பில் செய்தி பரிமாறலாம். பேச ஒன்றுமில்லாமலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்கு அது ஈடாகாது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. கூடும் வீட்டில் பெண்களுக்கு ஓய்வே இல்லை. விடியற்காலையில் அடுப்படிக்குப் போனவர்கள் ராத்திரிதான் வெளியே வருகிறார்கள். இதற்கு மறுபேச்சில்லை. நான் சொன்ன இலக்கணப்படியே பார்த்தால், அவர்களுக்கு அது விடுமுறை அல்ல. அதற்காகக் கூடுவதை நிறுத்த வேண்டியதில்லை. காய் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் ஆண்கள் எழுந்து வர வேண்டும். கல்யாணம் எப்போது, சம்பளம் எவ்வளவு என்று துருவுகிற உறவினர்களும் கொஞ்சம் அடங்க வேண்டும்.

பண்டிகையன்றும் மருத்துவமனையும் பேருந்தும் நிற்க முடியாது, சரி. துணிக்கடை ஏன் திறந்திருக்க வேண்டும்? தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம், நான்கு தேசிய விடுமுறைகளோடு ஐந்து பண்டிகை விடுமுறைகளையும் தொழிலாளிக்குத் தருகிறது. அன்றைக்கு வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளத்தோடு மாற்று விடுமுறை. 2019-இல் வந்த அரசாணை, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடைகளை எல்லா நாளும் இரவு பகலாகத் திறக்க விட்டது. வார ஓய்வு முறை வைத்துத் தரப்படுகிறது. மாற்று விடுமுறை செவ்வாயன்று வந்தால் அன்று தங்கையும் வர மாட்டாள், பழைய சிநேகிதனும் வர மாட்டான். சோவியத் நிறப் பிரிவை வேறு பெயரில் நாமே கொண்டுவருகிறோம் என்பதுதான் என் கவலை. வாங்குகிறவர்கள் இருப்பதால்தான் கடை திறந்திருக்கிறது. பொங்கல், தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் நாள்களில், மருந்தும் பாலும் போன்ற அவசரத் தேவை தவிர மற்றதை முந்தின நாளே வாங்கிவிடுங்கள். பில் போடுகிற பெண்ணும் வீட்டுக்குப் போகட்டும்.