ஏகாந்த யந்திரம்

கணிப்பொறிகள் யாவும் ஒன்றோடொன்று ஓயாமல் சம்பாஷித்துக்கொண்டிருக்கிற இக்காலத்தில், எவரோடும் பேசாமல், தனக்கு விதித்த ஒரே காரியத்தைத் தானே முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் யந்திரமொன்றைக் காட்டச் சொன்னால், நான் தயங்காமல் நம் வாக்குப்பதிவு யந்திரத்தைத்தான் காட்டுவேன்.

தேர்தல் பணிக்குப் போய்வந்த உபாத்தியாயர்களுக்கெல்லாம் பரிச்சயமான பெட்டி அது. வகுப்பறைப் பெஞ்சுகளை ஒதுக்கிப் போட்ட சாவடியில், தூக்கம் கலையாத முகத்தோடு முகவர்கள் சூழ்ந்து நிற்க, ஐம்பது ஓட்டுக்குக் குறையாமல் மாதிரிப் பதிவு நடத்தி, கூட்டிச் சரிபார்த்து, அதை அழித்துக் காட்டி, பச்சைக் காகித முத்திரையில் கையெழுத்து வாங்கிச் செருகி மூடுகிற வரையில் அதற்கு நடக்கும் உபசாரம் புது மாப்பிள்ளைக்கும் வாய்க்காது. அதன் பிறகு, அலுவலர் பொத்தானை அழுத்தி அனுமதித்தாலொழிய ஒரு வாக்கையும் அது ஏற்காது. ஏற்றதற்கு அடையாளமாக ஒரு நீண்ட ‘பீப்’. பிறகு பழைய மௌனம். கம்பிவழி மின்சாரங்கூட வேண்டாம், உள்ளிருக்கும் பாட்டரியே போதும்.

என் மனத்தை மிகவும் கவர்ந்தது அதன் அஞ்ஞானம். அபேட்சகர்களின் பெயரோ கட்சியோ கட்டுப்பாட்டுக் கருவிக்குத் தெரியாது. இன்ன வரிசையிலுள்ள பொத்தான் இத்தனை தடவை அழுத்தப்பட்டது என்பதோடு அதன் சர்வ ஞானமும் முடிந்தது. பக்கத்துச் சாவடிப் பெட்டி எண்ணியதையும் அது அறியாது.

பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் இதை உருவாக்கியதில் முக்கியப் பங்கு எழுத்தாளர் சுஜாதாவுடையது என்பதில் தமிழ் வாசகருக்குத் தனிச் சந்தோஷம் உண்டு. 1982-இல் கேரளத்துப் பரவூர்த் தொகுதியின் 50 சாவடிகளில் அரங்கேறியதைச் சட்டத்தில் இடமில்லையென்று 1984-இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட, சட்டம் திருத்தப்பட்டு, 2004 மக்களவைத் தேர்தலில்தான் இது தேசமெங்கும் பரவியது.

வலையில் கோத்த கணிப்பொறியை உபயோகிக்கிறவர், எங்கோ முகமறியாத ஒரு நிர்வாகியை நம்புகிறார். இந்தப் பெட்டியை நம்புகிறவர், கண்ணெதிரே உள்ள அரக்கையும் நூலையும், கதவுக்கு வெளியே காவல் நிற்பவரையும், எதிர்க்கட்சி முகவரின் பொறாமைக் கண்ணையும் நம்புகிறார். ஏகாந்தம் என்று நாம் சொல்லும் இந்நிலைக்குத்தான் எத்தனை பேருடைய துணை வேண்டியிருக்கிறது! ஆனால், உள்ளே சில்லில் எழுதிய நிரல் யோக்கியமானதுதானா என்று ஒருவர் கேட்டால், வெளித்தொடர்பு இல்லை என்பது மட்டும் அதற்குச் சமாதானமாகாது. அப்படிக் கேட்பவரைப் பரிகசிப்போர் கூட்டத்தில் நான் சேரமாட்டேன். 2013-இல் நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில் தொடங்கி, கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி நின்று உதிரும் காகிதச் சீட்டு வந்ததற்கு அத்தகைய கேள்விகளே காரணம். சீட்டில் சின்னம் அச்சாக வேண்டுமென்றால் சின்னங்களை வெளியிலிருந்து ஏற்றியாக வேண்டும். அப்படி ஏற்றுவதற்கென்று வந்த கருவியையும், முடிவு வெளியான பின் 45 நாளேனும் முத்திரையிட்டுப் பத்திரப்படுத்தும்படி 2024-இல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டிருக்கிறது.